கைஷெனாவின் கூடாரக்கால்கள்

கைஷெனா தன் புருஷனைக் கூடாரத்தைவிட்டுத் துரத்திய அன்று நான் அங்கேதான் இருந்தேன். அவள் தலைக்கு வெண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டிருந்தேன். நான் கொல்லன் பாஷிரின் மனைவி ஹப்ஸா. தலை பின்னுவது, தோல் தைப்பது, யார் வீட்டுச் சண்டையிலும் வாயை வைப்பது எல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிறந்த உரிமை.

அத்தாஹெர் அதற்கு முந்தின வாரம்தான் திரும்பியிருந்தான். கைஷெனாவின் தாய்மாமன் கூமூர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், நாலைந்து பயல்களைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே கொள்ளைக்குப் போனான். போன இடத்தில் உதை வாங்கி, ஏறிப்போன ஒட்டகத்தையும் பறிகொடுத்து, சேணத்தைத் தலையில் சுமந்தபடி நடந்து வந்தான். பெண்கள் சும்மா இருப்பார்களா? மத்தளத்தைத் தட்டிப் பாட்டுக் கட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டில் கைஷெனாவின் குரலும் இருந்தது. அதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே வந்ததும் வராததுமாக, "நீயுமா பாடுன?" என்றான்.

"பாடுனேன். சேணத்துக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சுன்னு பாடுனோம். பொய்யா?"

"புருஷனைப் பத்திப் பாடுறியே, வெக்கமா இல்ல?"

"நடந்து வந்தது நீ. வெக்கம் எனக்கா?"

அவன் வாளை உருவினான். பெண்ணை வெட்டினால் அவன் பெயர் குலத்தோடு நாறிப்போகும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் உருவின வாள் எங்காவது விழ வேண்டுமே. படுக்கையின் தலைமாட்டில் நின்ற கூடாரக்காலில் ஓங்கி வெட்டினான்.

அவளுடைய கூடாரக்கால்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் புருஷன் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கியவை. ஆள் மார்பு உயரம். உச்சியில் விசிறி போல விரிந்து, முக்கோணமும் பிறையுமாகக் குடைந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கருங்கோடு இழுத்திருப்பான். அவற்றில்தான் பாய்ச்சுவர் சாயும், பால் கிண்ணம் தொங்கும், தோல்பை தொங்கும். கல்யாணத்தன்று அவற்றைச் சுற்றிப் பெண்கள் நின்று குலவையிட்டார்கள். அந்த மரம் லேசில் பிளக்காது. வாள் பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. அத்தாஹெர் இழுத்தான். வரவில்லை. பாதத்தை அதன்மேல் ஊன்றி இழுத்தான். அப்போதும் வரவில்லை.

நான் சிரித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

கைஷெனா சிரிக்கவில்லை. எழுந்தாள். அவனுடைய சேணத்தை இரண்டு கையாலும் தூக்கி வெளியே மணலில் எறிந்தாள். பிறகு தோல்பை. பிறகு தண்ணீர்த் துருத்தி.

"கூடாரம் என்னோடது. தோலு எங்கம்மா குடுத்தது. கால் பாஷிர் செதுக்குனது. உன்னோடது வெளிய கெடக்கு. போ."

எங்களில் அப்படித்தான். ஆண்பிள்ளை சேணத்தோடு வருவான், சேணத்தோடு போவான். அத்தாஹெருக்குத் தாயும் இல்லை, போய்ப் படுக்க அவள் கூடாரமும் இல்லை. சில நாள் வேல மரத்தடியில் கிடந்தான். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் அந்தப் பக்கம் வரும்போது குரலைத் தாழ்த்திப் பாடிக்கொண்டே போவார்கள். பிறகு ஒருநாள் அவனைக் காணவில்லை. எபெக்கியிடம் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். எபெக்கி என்றால் குள்ளநரி. பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊரெல்லாம் அவனை அப்படித்தான் கூப்பிடும். கொள்ளையடிப்பதே அவன் தொழில்.

மழை ஓய்ந்ததும் கூமூரும் மற்ற ஆண்களும் சுமை ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு உப்பு வாங்கிவரப் போனார்கள். பாளையத்தில் மிஞ்சியவர்கள் கிழவர்கள், மேய்ப்பர்கள், என் புருஷன், கைஷெனாவின் அண்ணன் அகாலி. அகாலி ஒட்டகத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, அப்போதுதான் கோலூன்றி நடக்க ஆரம்பித்திருந்தான்.

எபெக்கியின் ஆட்கள் பால் கறக்கிற நேரத்தில் வந்தார்கள். மேற்கே ஓடைக்குள் இறங்கி, சத்தமில்லாமல் ஒட்டகத்தை நடத்தி வந்து, கரையேறியதும் கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்தார்கள். முதலில் செத்தது பெட்டை ஒட்டகங்களைக் கட்டியிருந்த மேய்ப்பன். கையில் பால் சட்டியோடு நிமிர்ந்து பார்த்தான். ஈட்டி தொண்டையில் இறங்கி, அவனை முள்வேலியோடு சேர்த்துக் குத்தியது. அவன் கீழே விழவில்லை. வேலியில் சாய்ந்து நின்றபடியே செத்தான். பால் அவன் மார்பில் ஓடி ரத்தத்தோடு கலந்தது.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் பாறைப் பக்கம் ஓடினார்கள். கிழவர் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு, "பொம்பளைங்க இருக்கிற எடம்டா, பொம்பளைங்க இருக்கிற எடம்டா" என்று கத்தினார். ஒட்டகம் அவர்மேல் ஏறிப் போனது. நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். கால் நகரவில்லை.

அகாலி தன் கோலை எறிந்துவிட்டு வாளோடு வெளியே வந்தான். ஒற்றைக் காலில்தான் நின்றான். முதலில் வந்தவனின் ஒட்டகத்தை முழங்காலில் வெட்டினான். அது அலறிக்கொண்டு சரிந்தது. ஏறியிருந்தவன் எழுவதற்குள் அவன் முகத்தில் வெட்டினான். அப்போது எதிரே அத்தாஹெர் வந்து நின்றான். வாய் தெரிந்தால் அவமானம் என்று எங்கள் ஆண்கள் முகத்துணி சுற்றியிருப்பார்கள்; அவன் கண் மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் கூட உட்கார்ந்து சாப்பிட்டவனைக் கண்ணை வைத்தே தெரியாதா?

"அத்தாஹெரு? நீயா?" என்றான் அகாலி. "மச்சான், உனக்கு என்னடா செஞ்சேன் நான்?"

"நீ ஒண்ணும் செய்யல. தள்ளிப் போ."

"எங்க போறது? என் தங்கச்சி வாசல்ல நிக்கிறேன்."

அத்தாஹெர் ஒட்டகத்தைவிட்டு இறங்கினான். இரண்டு பேரும் மோதினார்கள். முறிந்த தொடை தாங்கவில்லை. அகாலி மண்டியிட்டு விழுந்தான். அத்தாஹெரின் முதல் வெட்டு முகத்துணியைக் கிழித்தது. இரண்டாவது வெட்டு தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இறங்கியது. கைஷெனா ஓடிவந்து அண்ணனை மடியில் தூக்கினாள். அந்தக் கழுத்தை எப்படிப் பிடித்தாலும் ரத்தம் அவள் விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது.

இதற்குள் ஒட்டகங்களை வளைத்துவிட்டார்கள். எபெக்கி மேட்டில் நின்று, "போதும், கெளம்புங்கடா" என்று கத்தினான். அத்தாஹெர் கிளம்பவில்லை. கூடாரத்துக்குள் நுழைந்து தோலைக் கிழித்தெறிந்துவிட்டுக் கால்களை ஆட்டத் தொடங்கினான்.

"டேய், அது எதுக்குடா? ஒட்டகத்தை ஓட்டு!" என்றான் எபெக்கி.

"எனக்கு வேணும்."

"மரத்தையா? கிறுக்குப் பயலே!" என்று எபெக்கி சிரித்தான். ஆனால் தடுக்கவில்லை.

ஆழமாக அடித்த கால் தனியாளாக ஆட்டினால் வராது. அவன் சுற்றிப் பார்த்தான். பட்டறை முன்னால் பாஷிர் நின்றுகொண்டிருந்தான்.

"ஏய் கொல்லா, வா. இதைப் புடுங்கு."

பாஷிர் அசையவில்லை. என் புருஷனுக்கு வாய் என்னைவிட நீளம். "நட்டது நான். புடுங்குறது என் வேலையில்ல. உனக்குக் கூடாரம் வேணும்னா எவளாவது குடுப்பாளான்னு போய்க் கேளு. மாமியா வீட்டுக் காலைத் திருடிக்கிட்டுப் போற மாப்பிள்ளையை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றான்.

அங்கிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அத்தாஹெரோடு வந்தவர்களில் ஒருவன்தான். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது.

அத்தாஹெர் நேரே பட்டறைக்கு வந்தான். பாஷிரின் முகத்துணியைப் பிடித்து இழுத்து, பட்டடைக் கல்லின்மேல் குப்புறத் தள்ளினான். "கொல்லனைக் கொன்னா பாவம். உன்னைக் கொல்ல மாட்டேன்" என்றான். "செதுக்குன கையை மட்டும் குடு."

இன்னும் இரண்டு பேர் வந்து பாஷிரின் வலதுகையை நீட்டிப் பிடித்தார்கள். நான் அத்தாஹெரின் முதுகில் பாய்ந்தேன். முழங்கையால் இடித்தான். என் பல் ஒன்று நாக்கில் விழுந்தது. வெட்டுகிற சத்தம் கேட்டது. இறைச்சி வெட்டுகிற சத்தம்தான், வேறொன்றும் இல்லை.

கால்களை எல்லோருமாகப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு அவர்கள் போன பிறகு உலையை நானே ஊதினேன். தோல்துருத்தியை அமுக்கி அமுக்கி, கம்பி சிவக்கும்வரை ஊதினேன். மரத்தில் கோடு இழுக்கிற அதே கம்பி. பாஷிர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். "நல்லாச் செவக்கட்டும்டி. அரைகுறையா வெச்சுத் தொலைக்காத" என்றான். வைத்தேன். அவன் மயங்கிவிட்டான். அந்த நாற்றம் என் துணியைவிட்டுப் போகவே இல்லை.

அகாலியைப் புதைத்துவிட்டு வந்தபோது கைஷெனா கிழிந்த தோலின் நடுவே, கால்கள் இருந்த குழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"நான் போறேன் ஹப்ஸா."

"எங்க?"

"எங்கண்ணனை வெட்டிட்டு என் கூடாரத்தைப் போட்டுக்கிட்டு எவளோட படுக்கப்போறான்னு பாக்கணும்."

"உங்க மாமா வரட்டும் புள்ள."

"மாமா வர்றதுக்குள்ள அவன் புள்ளை பெத்துடுவான்."

நான் பாஷிரைப் பார்த்தேன். அவன் என் தங்கையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். "போ" என்றான். "நான் ஒண்ணும் ஓடிப்போக மாட்டேன்."

சொறி பிடித்த கிழட்டு ஒட்டகம் ஒன்றை அவர்கள் வேண்டாமென்று விட்டுப்போயிருந்தார்கள். அதில் இரண்டு பேரும் ஏறினோம். அகாலியின் வாளைப் பாயில் சுருட்டிக் கட்டிக்கொண்டோம். எபெக்கியின் ஆட்கள் குளிர்காலத்தில் எந்தக் கிணற்றருகே தங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போய்ச் சேர்வதற்குள் எங்கள் தண்ணீரும் தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது.

தூரத்திலேயே மத்தளம் கேட்டது. கல்யாணம். கைஷெனா ஒரு மாதிரி சிரித்தாள்.

"நீ ஓடைக்குள்ள இரு. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். கொல்லன் வீட்டுப் பெண் எந்தப் பாளையத்துக்குள்ளும் போகலாம். எதிரி பாளையமானாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கல்யாணம் என்றால் கையைப் பிடித்தே இழுத்துப்போவார்கள், தலை பின்ன ஆள் வேண்டுமே.

முதலில் கல்யாணப்பெண்ணின் தாய் என்னைத் தன் கூடாரத்தில் உட்காரவைத்துப் பால் கொடுத்தாள். அங்கே நின்ற பழைய காலில் சாய்ந்து குடித்தேன். அதில் மீன் எலும்பு போலக் கோடு போட்டிருந்தது, பல தலைமுறைக் கை பட்டு வழவழவென்று இருந்தது. பிறகு பெண்ணிடம் அழைத்துப்போனாள். கன்னத்துச் சதை இன்னும் வடியாத சின்னப்பெண். பெயர் தெல்லா. புதுக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நின்றவை என் புருஷனின் கால்கள்.

நான் சீப்பை எடுத்தேன். அவள் கூந்தலைப் பிரித்தேன்.

"இந்தக் காலுங்களைப் பாத்தியா அக்கா?" என்றாள் அவள். "அகதெஸ் பட்டணத்துல சொல்லிச் செஞ்சாராம். எங்கம்மா, தன் கூடாரக்கால்ல பாதி தர்றேன்னுச்சு. அவருதான், வேணாம், என் பொண்டாட்டி புதுசுலதான் படுக்கணும்னு சொல்லிட்டாரு. ஆம்பளை கால் கொண்டுவர்றது நம்மள்ல வழக்கமில்லதான். ஆனா ஆசையாக் கொண்டுவந்தா என்ன செய்யிறது?"

"தலைமாட்டுக் கால்ல ஒரு வெட்டு இருக்கே?"

"வழியில ஒட்டகம் ஒதைச்சுதாம்."

"ஒட்டகம் வாள் கட்டிக்கிட்டா இருந்துச்சு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய கூடாரம், யார் செத்தது, யார் எப்படிச் செத்தது. கடைசியில், "அந்தக் கொல்லன்?" என்றாள்.

"இருக்கான். என் புருஷன்தான். இடதுகையால தின்னப் பழகிக்கிட்டு இருக்கான்."

தெல்லா கையை நீட்டிப் பக்கத்துக் காலைத் தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துத் துணியில் துடைத்தாள்.

அப்போது வெளியே மத்தளம் நின்றது. கைஷெனாவுக்குப் பொறுக்கவில்லை. நட்டநடுப் பகலில், கையில் அண்ணனின் வாளோடு, பாளையத்தின் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தாள். மத்தளக்காரிகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் எழுந்தார்கள். பெண்ணின் முன்னால் வாளை உருவுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கூடாரத்துக்குள் வந்தாள், வாளைக் கீழே போட்டாள், வாசல் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினாள்.

அத்தாஹெர் விருந்தாளிகளின் நடுவிலிருந்து ஓடிவந்தான். புது அவுரித்துணி. கண்ணோரமெல்லாம் நீலம் ஒட்டியிருந்தது.

"கைஷெனா! விடு அதை!"

"இது யாரோடதுன்னு இவங்ககிட்டச் சொல்லு. விடுறேன்."

"இவ பைத்தியம். இவளைப் புடிங்க யாராவது."

யாரும் பிடிக்கவில்லை. எபெக்கி புகையிலையைக் குதப்பியபடி, "நீயே புடிடா. ஒரு காலத்துல புடிச்சவன்தான?" என்றான். கூட்டத்தில் சிரிப்பு.

அத்தாஹெர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் கூடாரக்காலை விடவில்லை. மேலே தோல் கிழிந்து சரிந்தது. அவன் அவள் முகத்தை அந்தக் காலிலேயே மோதினான், ஒருமுறை, இன்னொரு முறை. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. பெண்கள் அலறினார்கள். பெண்மேல் கை வைத்தான், எல்லோர் கண் முன்னாலும். தெல்லா எழுந்து, "விடுய்யா அவளை!" என்று அவன் கையைப் பிடித்தாள். அவளையும் ஒரே தள்ளில் படுக்கைமேல் எறிந்துவிட்டு, இடுப்பிலிருந்த குத்துவாளை உருவி, கைஷெனாவின் கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை கோடு இழுத்தான். "இப்பப் பாடு. எங்க, இப்பப் பாடு!"

அவள் சரிந்து விழுந்தாள். விழுந்த இடத்தில் வாள் கிடந்தது. அவள் வாள் பிடித்துப் பழகியவள் இல்லை. ஆணி அடிக்கிற சுத்தியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் குனிந்தபோது கீழிருந்து மேலாகச் செலுத்தினாள். விலாவுக்கு அடியில் நுழைந்தது. அவன் ஆச்சரியப்பட்டவன்போலப் பார்த்தான். அவள் எழுந்து முழு உடம்பையும் வாளின்மேல் சாய்த்தாள்.

அத்தாஹெர் உடனே சாகவில்லை. புதுப்பாயில் கிடந்து குதிகாலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான். முகத்துணி நழுவி வாய் தெரிந்தது. ரத்தம் கொப்பளித்த அந்த வாயை மூடத்தான் கடைசிவரை துணியைத் தேடித் தேடித் தடவினான். குடலைப் பிடிக்கவில்லை, வாயைத்தான் மூடப் பார்த்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் இல்லை. ஆனாலும் குனிந்து துணியை இழுத்து மூடிவிட்டேன். அப்படியே செத்தான்.

தெல்லாவின் அண்ணன்கள் வாளோடு வந்தார்கள். எபெக்கி குறுக்கே கையை நீட்டினான். "பொம்பளையை வெட்டி அதுக்கொரு பாட்டு வாங்கப் போறீங்களா? செத்தவன் நம்ம ரத்தமும் இல்ல. விடுங்கடா."

தெல்லா எழுந்து ஒவ்வொரு காலாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். வெறிபிடித்தவள் பலம் அது. எல்லாவற்றையும் கைஷெனாவின் முன்னால் எறிந்தாள்.

"எடுத்துட்டுப் போ. உங்க ஆம்பளைங்க உப்புக்குப் போயிருக்காங்களாமே. திரும்பி வந்ததும் எங்களை வெட்ட வருவாங்களா?"

கைஷெனாவின் கன்னம் பிளந்து தொங்கியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "வர மாட்டாங்க. எங்கண்ணன் கணக்கை நானே தீத்துட்டேன். வர விட மாட்டேன்."

அந்தக் கன்னத்தை ஓடைக்கரையில் தோல் தைக்கிற ஊசியால் நான்தான் தைத்தேன். திரும்பி வந்து கூடாரம் போட்டோம். பாஷிர் வெட்டுப்பட்ட காலை மடியில் வைத்து, இடதுகையால் தடவிப் பார்த்தான். "நிக்கும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கூமூர் உப்போடு வந்தார். நடந்ததைக் கேட்டார். அகாலியின் குழிமேட்டில் நின்று வேண்டிக்கொண்டார். பிறகு வந்து கைஷெனாவின் வாசலில் உட்கார்ந்தார்.

"நீ செஞ்சது பெரிய காரியம். மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்."

"மிச்சம் ஒண்ணும் இல்ல மாமா. வெட்டுனவன் செத்தாச்சு."

"ஒட்டகம்? செத்துப்போன மேய்ப்பன்? கிழவரு? பாஷிர் கை?"

"ஒட்டகத்தைப் பேசி வாங்குங்க. அவங்க ஆளுங்க எங்களை உயிரோட விட்டாங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன் மாமா."

"நீ யாருடீ எங்க சார்பா வாக்குக் குடுக்க? உன் மூஞ்சியைப் பாத்துட்டு நான் பேசி வாங்கணுமா?"

கூமூரும் ஆண்களும் எபெக்கியின் பாளையத்துக்குக் கிளம்பினார்கள். கைஷெனா அவர் ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். கூமூர் சாட்டையால் அவள் கையைத் தட்டிவிட்டார்.

திரும்பி வந்தபோது ஒட்டகங்கள் எல்லாம் வந்தன, இன்னும் அதிகமாகவே வந்தன. ஆண்களின் துணியெல்லாம் காய்ந்த ரத்தத்தில் விறைத்திருந்தது. எபெக்கியைத் தூக்கத்திலேயே வெட்டினார்களாம். கிணற்றடியில் ஒன்பதோ பத்தோ பேர். எதிர்த்து நின்ற கூடாரங்களுக்குத் தீ வைத்தார்களாம். ஒட்டகங்கள் மிரண்டு ஓடியதில் ஒரு கிழவி மிதிபட்டுச் செத்தாளாம். இதையெல்லாம் சிரிப்போடு சொன்னார்கள். கூமூர் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கைஷெனாவின் காலடியில் போட்டார். கூடாரக்கால்கள்.

"உன் கூடாரத்துல கை வெச்சாங்கல்ல? இந்தா. இனி உனக்கு ரெண்டு."

"யாரோட கூடாரம் மாமா இது?"

"எவளோடதோ. கேட்டுக்கிட்டா புடுங்குவாங்க?"

நான் பார்த்தேன். மீன் எலும்புக் கோடு. வழவழப்பு. நான் பால் குடித்தபோது முதுகு சாய்ந்திருந்த கால் அது. "தெல்லா அம்மாவோடது" என்றேன்.

கைஷெனாவின் தையல் போட்ட கன்னம் துடித்தது. "மாமா, என் கூடாரத்தைவிட்டு வெளிய போங்க" என்றாள்.

"என்னடீ சொன்ன?"

"அத்தாஹெர் செஞ்சதைத்தான நீங்களும் செஞ்சிருக்கீங்க? அவனை வெளிய போடான்னு சொன்ன வாய்தான இது? போங்க."

கூமூர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கை மேலே போனது, அப்படியே இறங்கியது. போய்விட்டார். மறுநாள் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு தெற்கே பிரிந்துபோய்ப் பாளையம் போட்டார்.

நாங்கள் இருவரும் அந்தக் கால்களைச் சுமையேற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்பினோம். பாஷிர், "உன்னை வெட்டிப் போட்டா எனக்கு யாருடி சோறு ஊட்டுவா?" என்றான். ஆனால் மூட்டையைக் கட்டிக்கொடுத்தான், ஒரு கையாலும் பல்லாலும்.

கிணற்றுப் பக்கம் கருகின நாற்றம் அப்படியே இருந்தது. கழுகுகள் எங்களைப் பார்த்தும் பறக்கவில்லை. மிஞ்சினவர்களில் பலர் எங்கோ போயிருந்தார்கள். தெல்லா ஒரு வேல மரத்தடியில், இரண்டு ஆடுகளோடு, ஒரு புதுக் குழிமேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டகம் மிதித்த தாயின் குழி. அண்ணன்களின் குழிகள் கொஞ்சம் தள்ளி.

கைஷெனா ஒட்டகத்தை மண்டியிடவைத்து, கால்களை இறக்கி அவள் முன்னால் வைத்தாள். "வர மாட்டாங்கன்னு சொன்னேன். தடுக்க முடியல" என்றாள்.

தெல்லா எழுந்தாள். ஒரு காலை எடுத்தாள். அதைத் தூக்கிக் கைஷெனாவின் தோளில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓடினேன். "விடு ஹப்ஸா, வராத" என்றாள் கைஷெனா, மண்டியிட்டபடியே. தெல்லா முதுகில் அடித்தாள், இடுப்பில் அடித்தாள். "எங்கம்மா! எங்கம்மா!" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். தலைக்கு ஓங்கினாள். ஓங்கியபடியே நின்றாள். கால் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவளும் மண்ணில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "போயிடுங்க" என்றாள். "தண்ணி வேணும்னா எறைச்சுக்குங்க. என்கிட்டக் கேக்காதீங்க."

இறைத்துக்கொண்டோம். போகும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தக் கால்களை ஒவ்வொன்றாக மரத்தடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

கைஷெனாவின் தோள் கோணலாகவே கூடியது. அந்தக் கையை உயரத் தூக்க முடியாது. கூடாரம் போடும்போது நான் போய்க் கால் அடித்துக் கொடுப்பேன். அவள் வேறு புருஷன் தேடவில்லை. கேட்டு வந்தவர்களும் உண்டு. கன்னத்துத் தழும்பைப் பார்த்துப் பயந்தவர்களைவிட, அவள் வாய்க்குப் பயந்தவர்கள்தான் அதிகம்.

அடுத்த குளிர்காலத்தில் எபெக்கியின் மிச்ச ஆட்கள் பழிவாங்க வந்தார்கள். எங்கள் பாளையத்துக்கு மேலே பாறைமேட்டில் அவர்கள் நின்றதை எங்கள் மேய்ப்பர்கள் பார்த்தார்கள். நாங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடத் தயாரானோம். அவர்கள் ஏனோ இறங்கவில்லை. தெற்கே திரும்பிப் போனார்கள். கூமூரையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிப்போட்டார்கள்.

செய்தி வந்ததும் கைஷெனா அலறி அழுதாள். அவளைத் தூக்கி வளர்த்த மாமா அவர். உடனே போக வேண்டும் என்றாள். போய்ச் சேர்ந்தபோது புதைத்து முடித்திருந்தார்கள். வேலியெல்லாம் பிய்ந்து கிடந்தது, மணலில் ரத்தம் கறுத்திருந்தது, ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. கூமூர் மனைவியின் கூடாரம் மட்டும் நடுவில் அப்படியே நின்றது. ஒரு காலையும் யாரும் தொடவில்லை. பால் கிண்ணங்கள்கூட அவற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

அத்தை வெளியே வந்து கைஷெனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "காலைத் திருப்பிக் குடுத்தவளோட அத்தை கூடாரம்னு தொடாமப் போனாங்க புள்ள" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.